முப்பது சென்டிமீட்டர்

11, செவ்வாய்

காலையிலிருந்து விடாத மழை. குடையை இவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாலை பஜார் கடைக்குள் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு எதற்குக் குடை? கரமனையிலிருந்து நனைந்தபடியே பஸ்.

இன்று கோர்ட் போடும் வேலை. நாளை முதல் உள்ளரங்க ஹாக்கி. பெண்கள், எட்டு நாட்டு அணிகள். ஊர் முழுக்க பிளெக்ஸ். எதிலும் என் பெயர் இல்லை. ஆனால் நான் கோடு போட்டால்தான் ஆட்டம். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்பு போட்ட கை. கபடி, கோ-கோ, ஹேண்ட்பால், எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் என்று கமிட்டியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உதவிக்குச் செல்வி. எங்கள் பள்ளியில் தினக்கூலி பி.டி. டீச்சர், இரண்டாவது வருஷம். போனக்காடு எஸ்டேட் பெண், அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறாள். நல்ல உழைப்பாளி. ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு சந்தேகம், ஒரு கேள்வி. எனக்கு அது ஆகாது.

கமிட்டி வாங்கிய புது அளவு டேப் ஸ்டோர் ரூமில். சாவிக்காரர் ஏர்போர்ட்டில், அணிகளை வரவேற்க. போனை எடுக்கவில்லை. போகட்டும் என்று பள்ளிக்கூட டேப்பையே எடுத்தோம். அதில் முதல் முப்பது செ.மீ. எப்போதோ அறுந்து போயாச்சு. எங்களுக்குப் பழக்கம்தான். கோல் கம்பத்தில் நுனியைப் பிடிப்பவர் "முப்பது" என்று குரல் கொடுப்பார். மறுமுனையில் குறி போடுகிறவர் முப்பதைக் கூட்டிக்கொள்வார். ஒன்பது மீட்டர் வேண்டுமானால் ஒன்பது முப்பதில் குறி. வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடுகிறது.

முடிந்தவை:
பக்கப் பலகை, இரண்டு வரிசையும். (தூக்கியவர்கள் திட்டியதை இங்கே எழுத முடியாது.)
வாசல் பக்க கோல், அரைவட்டம், பெனால்டி புள்ளி. சாப்பாட்டுக்கு முன்.
மேடைப் பக்க கோல், அரைவட்டம், புள்ளி. சாப்பாட்டுக்குப் பின்.
வெள்ளை ஒட்டு டேப் பதினோரு ரோல்.
முட்டி வலி, வலது.

இந்த ஆட்டத்தில் அரைவட்டம்தான் உயிர். அதற்குள் நின்று அடித்தால்தான் கோல். வெளியே நின்று அடித்தது உள்ளே போனாலும் கணக்கில்லை. அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டதே.

மூன்று மணிக்கு டெலிகேட் சார் வந்தார். கோவில்பட்டிக்காரர். போட்டியின் சட்டதிட்டம் முழுக்க அவர் பொறுப்பு. தன் சொந்த டேப்பை எடுத்து வாசல் பக்கம் மட்டும் அளந்தார். "நறுக்குனு இருக்கு டீச்சர். அந்தப் பக்கமும் நீங்கதான போட்டது? அப்ப என்னத்துக்கு அளக்க?" படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு ஒரே பெருமை.

மீடியா பையன்கள் நாள் முழுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். ரீல் போடப் போகிறார்களாம். தலை வாராமல் வந்தது தப்பு.

12, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை. புழுக்கம்.

திறப்பு விழா. பேச்சு, பேச்சு, பேச்சு. குத்துவிளக்கின் ஐந்தாவது திரி கடைசி வரை பிடிக்கவில்லை. அணிகள் அத்தனை நேரமும் நின்றன.

நாடுகளின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் என் வாயில் நுழைவதில்லை. சட்டை நிறம் போதும். ஆரஞ்சு பெரிய அணி. பிசியோவுக்கு ஒரு ஆள், வீடியோவுக்கு ஒரு ஆள், வாழைப்பழம் உரிக்கக்கூட ஆள் இருக்கும் போல. பச்சை சின்ன அணி. மற்றவர்கள் பன்னிரண்டு பேர் வந்திருக்க, இவர்கள் பத்தே பேர். அதில் ஏழாம் நம்பர் ஒரு குட்டை முடிக்காரி, என் தோள் உயரம்கூட இல்லை. பந்து அவளிடம் வந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பலகையில் மோதி எங்கிருந்தோ வெளியே வரும்.

பின் வரிசையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தி, மலையாளத்தில்: "எடீ, இது ஹாக்கியல்ல, கேரம்ஸ் ஆணு." சிரித்துவிட்டேன். சரியாகத்தான் சொன்னாள்.

ஆட்டம் முடிந்து பச்சை 7 என் பக்கம் வந்தாள். கோட்டைக் காட்டினாள், கட்டைவிரலைத் தூக்கினாள். நான்தான் போட்டேன் என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். ஐம்பத்துநாலு வயதில் இந்த அல்பத்தனம்.

13, வியாழன்

ஆட்டம் எட்டு. பச்சை தன் இரண்டு ஆட்டமும் ஜெயித்தது, அரையிறுதி உறுதி. அரங்கமே பச்சைப் பக்கம் சாய்ந்துவிட்டது.

வீட்டில் மாவு புளித்துப் பொங்கி மேடையெல்லாம் ஒழுகல். இவர் பார்த்துக்கொண்டே பேப்பர் படித்திருக்கிறார்.

மதியம் செல்வி வந்து நின்றாள். "டீச்சரே, மேடைப் பக்கம் ஒரு தடவகூடி அளந்து பாப்பமா?"

"என்னத்துக்கு?"

"சும்மா."

"சும்மா அளக்குறதுக்கு நமக்கு வேற ஜோலி இல்லியா? டெலிகேட் சார் கையெழுத்தே போட்டாச்சு."

"செரி டீச்சரே." போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை முடிந்தது என்றால் முடிந்தது என்று விடத் தெரிவதில்லை. அடுத்த மாதம் பி.டி.ஏ. கூட்டத்தில் அவளை இன்னொரு வருஷம் நீட்டிக்கச் சொல்லிப் பேச வேண்டும். நான் சொன்னால்தான் நடக்கும்.

14, வெள்ளி

சாயங்காலம் இடி. அரங்கத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்திலும் கேட்ட விசில்.

அரையிறுதி. பச்சைக்கும் ஆரஞ்சுக்கும். 3–4, பச்சை ஒரு கோல் பின்னால். இருபது விநாடிதான் பாக்கி. பச்சை 7 பலகை ஓரமாகவே பந்தைக் கொண்டுவந்தாள், மேடைப் பக்கம். அரைவட்டத்தின் விளிம்பில் நின்று ஒரு தள்ளு. ஆரஞ்சு கோல்கீப்பர் காலைத் தூக்குவதற்குள் பந்து உள்ளே. எல்லோரும் எழுந்துவிட்டோம்.

விசில். கோல் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று அடித்தாளாம்.

அந்தப் பெண் கத்தவில்லை. அழவும் இல்லை. அடித்த இடத்திலேயே முட்டி போட்டுக் கோட்டைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். மறுபடி கோட்டைப் பார்த்தாள். மணி அடித்தது. ஆட்டம் முடிந்தது. பச்சைக்கு இறுதிப் போட்டி போயிற்று.

பக்கத்தில் இருந்தவர்கள் அம்பயரைத் திட்டினார்கள். நான் விடவில்லை. "அவரு கண்ணால பாத்துத்தான விசில் அடிச்சாரு? கோடு என்ன பொய்யா சொல்லும்?" சத்தமாகவே சொன்னேன். செல்வி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

பாவம் அந்தக் குட்டை முடிக்காரி. ஒரு அடி முன்னால் வந்து அடித்திருக்கலாம்.

15, சனி

எழுத உட்கார்ந்து அரைமணி நேரம் ஆகிறது. கை ஓடவில்லை.

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஏழு. பச்சைக்குப் பயிற்சி நேரம், நாளைக்கு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்க ஏழு மட்டும் வாசல் பக்க கோலடியில் உட்கார்ந்திருந்தாள். மட்டையைத் தரையில் படுக்க வைத்தாள், கம்பத்திலிருந்து நேராக. மட்டை முடிந்த இடத்தில் விரலை வைத்து, மட்டையை அங்கே நகர்த்தி, மறுபடி விரல். அளக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் எண்ணினேன். ஒன்பது மட்டை, பத்தாவதில் பாதிக்கு மேல் போய்க் கோடு வந்தது.

எழுந்து மேடைப் பக்கம் போனாள். அங்கேயும் அப்படியே. ஒன்பது மட்டை. பத்தாவதில் பாதிகூட வரவில்லை, அதற்குள் கோடு.

மறுபடி அளந்தாள். அதே கணக்கு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் ஒரு அடி அகலத்துக்கு விரித்துக் காட்டினாள். அவ்வளவுதான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்டோருக்கு ஓடி, புது டேப்பை எடுத்து வந்து, அவள் கண் முன்னாலேயே அளந்தேன். எட்டு எழுபது. மறுபடி. எட்டு எழுபது. அடுத்த கம்பத்திலிருந்து. எட்டு எழுபது. பெனால்டி புள்ளியும் அப்படியே, முப்பது குறைவு. வாசல் பக்கம் எல்லாம் சரி.

மேடைப் பக்கம் முழுக்க முப்பது கூட்டாமலே போட்டிருக்கிறது. எல்லாமே ஒரே அளவு குறைந்ததால் பார்வைக்கு ஒரு கோணலும் இல்லை. மூன்று நாள், எட்டு நாடு, அத்தனை ஆட்டமும் அந்தப் பொய்க் கோட்டில். நேற்று அவள் அடித்தது கோல். சத்தியமாகக் கோல்.

கழிவறையில் போய் முகம் கழுவினேன். கழுவினேன், கழுவினேன், துண்டு எடுத்து வரவில்லை என்பதே பிறகுதான் தெரிந்தது. ஈர முகத்தோடு டெலிகேட் சார் அறைக்குப் போனேன். சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"யாரு அளந்தது?"

"டேப்பு பிடிச்சது செல்வி. முப்பதுன்னு குரல் குடுத்திருக்கணும். குடுக்கல."

இப்படித்தான் சொன்னேன். யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்தது. வேறு எப்படி நடந்திருக்க முடியும்? குரல் கேட்டிருந்தால் நான் கூட்டியிருக்க மாட்டேனா?

செல்வியைக் கூப்பிட்டார். "ஏம்மா, முப்பது சொன்னியா, இல்லியா?" செல்வி அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு, "டீச்சர் சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கழுத்து அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். நாளை வரவேண்டாம் என்றார். எங்கள் ஹெச்.எம்.முக்கு என் முன்னாலேயே போன் போட்டுச் சொன்னார். அறிக்கை ஒன்று தட்டச்சு செய்து நீட்டினார். 'உதவியாளரின் கவனக்குறைவு.' அதன் கீழ் அவர் கையெழுத்து, என் கையெழுத்து.

"பத்தே முக்காலுக்கு ஆட்டம். ஒட்டு உரிஞ்சு போச்சுன்னு சொல்லி மாத்தி ஒட்டிருங்க. ரெண்டு அணியும் பாதிப் பாதி நேரம் அந்தப் பக்கம்தான ஆடுச்சு? எல்லாருக்கும் சமம்தான்."

"நேத்து அந்தப் பச்சைப் புள்ளைக்கு?"

"புகார்னா ஆட்டம் முடிஞ்ச கையோட எழுதிக் குடுத்திருக்கணும் டீச்சர். அதெல்லாம் நேரம் போயாச்சு."

ஒட்டினேன். கேலரியில் பச்சை 7 தனியாக உட்கார்ந்து நான் ஒட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை முட்டாள் இல்லை. குனிந்த தலையை நான் நிமிர்த்தவில்லை.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றேன். செல்வி மேல் கோபம் கோபமாக வருகிறது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

16, ஞாயிறு

மழையா வெயிலா, கவனிக்கவில்லை.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். பச்சை ஜெயித்தது. ஏழு இரண்டு கோல் போட்டாள். இரண்டும் கோல்கீப்பரின் காலடி வரைக்கும் போய் நின்று அடித்தது. கோட்டுப் பக்கம் நின்று அவள் ஒரு பந்துகூட அடிக்கவில்லை. பதக்கம் வாங்கும்போதும் சிரிக்கவில்லை.

மதியம் பள்ளி வாட்ஸாப் குழுவில் பி.டி.ஏ. தலைவர் ஒரு ரீல் அனுப்பினார். மீடியா பையன்கள் செவ்வாய்க்கிழமை எடுத்தது. 'கோர்ட் பிறந்த கதை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கீழே ஒரே கைதட்டல் பொம்மைகள். 'நம்முடெ பகவதி டீச்சர்.' ஹெச்.எம். எழுதியிருந்தார்: 'டீச்சருடெ டயலாக் சூப்பர்.' என்ன டயலாக் என்று புரியாமல் சத்தத்தைக் கூட்டினேன்.

பலகை இறக்குகிறார்கள். ஒட்டுச் சுருளைக் கிழிக்கிறேன். பிறகு மேடைப் பக்க கோல். கம்பத்தடியில் செல்வி குத்தவைத்து நுனியைப் பிடித்திருக்கிறாள். நான் மறுமுனையில், முதுகைக் காட்டிக்கொண்டு.

"டீச்சரே, முப்பது."

நான் திரும்பவில்லை.

"டீச்சரே, முப்பது கூட்டணும்."

"எல்லாம் எனக்குத் தெரியும்டீ. நீ பிடிக்கிற வேலயப் பாரு. வாய மூடு."

அதோடு பாட்டு ஆரம்பிக்கிறது. என் கை சாக்பீஸால் வளைவு போடுகிறது, வேகத்தைக் கூட்டி, அழகாக.

எத்தனை தடவை பார்த்தேனோ. என் குரல்தான். என் கைதான். எனக்கு இது நினைவில்லை. பொய் சொல்லவில்லை, இங்கே யாரிடம் பொய் சொல்ல? நிஜமாகவே நினைவில் இல்லை. அவள் சொன்னதும் நினைவில்லை, நான் சொன்னதும் நினைவில்லை. ஒருத்தியைப் பார்த்து வாயை மூடு என்று சொல்லியிருக்கிறேன், அது மறக்கிற அளவுக்கு எனக்குச் சாதாரணமாக இருந்திருக்கிறது. இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

வியாழக்கிழமை அவள் வந்து நின்று கேட்டதும் இதைத்தான். நான் ஜோலியைப் பற்றிப் பேசினேன்.

டெலிகேட் சாரிடம் ஓடினேன். இறுதிப் போட்டிக்கு இடைவேளை. ரீலை முழுக்கப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அறிக்கை நேத்தே மெயில்ல போயாச்சு டீச்சர்."

"மாத்தி அனுப்புங்க. தப்பு என்னுது."

"மாத்துனா, நீங்க அளந்தது தப்பு, நான் அளக்காம கையெழுத்துப் போட்டது தப்பு, அரையிறுதியே தப்புன்னு வரும். கோப்பை யாருக்குன்னு கேப்பான். வேணுமா இது? அந்தப் புள்ளைக்கு வயசு கெடக்கு, எங்கயாவது வேல கிடைக்கும். நமக்கு என்ன இருக்கு? இத்தன வருஷம் சேத்து வச்ச பேரு மட்டும்தான் இருக்கு. இந்த ரீலையும் எடுக்கச் சொல்லுதேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

அவர் சொன்னவுடன் ஒரு விநாடி எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு?

ஹெச்.எம்.முக்குப் போன் செய்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே, "டீச்சரே, அந்தக் குட்டியெ இனி வேண்டா, கேட்டோ. வேறொரு ஆளெ நோக்காம்" என்றார். செல்வி வேண்டாமாம், வேறு ஆள் பார்க்கலாமாம். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிட்டேன். இது எழுத்தில்தான் போகவேண்டும்.

செல்விக்கு ஏழு தடவை போன். தொடர்பு எல்லைக்கு அப்பால். போனக்காட்டில் ரேஞ்ச் கிடையாது என்று எப்போதும் சொல்வாள்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெற்றிலையை மடித்தார், போடாமல் வைத்திருந்தார். "எழுதிக் குடுத்தா விசாரணைன்னு இழுப்பான். ரிட்டையராக ஒன்றர வருசம்தான் கெடக்கு. பென்சன் பேப்பர்ல கை வச்சான்னா? நீ எதுக்கு வலியப் போயித் தலயக் குடுக்க?"

கொஞ்சம் கழித்து அவரே, "அந்தப் புள்ள நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கு, கேட்டியா" என்றார். பிறகு வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்.

17, திங்கள்

லீவு போட்டேன். காலை எட்டுக்குள் கடிதம் முடிந்தது. கல்வி அலுவலகத்துக்கு மலையாளத்தில்தான் எழுத வேண்டும். அதன் சாரம்:

மேடைப் பக்க அரைவட்டத்தின் அளவுப் பிழைக்கு நானே பொறுப்பு. என் கவனக்குறைவால் முப்பது செ.மீ. கூட்டாமல் குறி போட்டுவிட்டேன். உதவியாளர் செல்விக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பதினைந்தாம் தேதி அறிக்கையில் நான் இட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

நகல்: ஹெச்.எம்., போட்டிக் கமிட்டி, டெலிகேட்.

அஞ்சலில் போடுவதற்கு முன் செல்வியிடம் காட்டவேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அவள் வாயால் 'போதும் டீச்சரே' என்று கேட்கத்தான் போனேன்.

விருச்சிகம் ஒன்று, கார்த்திகை மாலை போடும் நாள். பழவங்காடி கோவில் வாசலில் கறுப்பு வேட்டிகள், தேங்காய்ச் சில் கால் வைக்க இடமில்லாமல். பிள்ளையாரை பஸ்ஸிலிருந்தே கும்பிட்டேன், இறங்கவில்லை. தம்பானூரில் நெடுமங்காடு பஸ், விதுரையில் மாறி அடுத்தது. ஆட்கள் குறையக் குறைய வளைவுகள் கூடின. பக்கத்து சீட்டுக்காரி என்னைக் கேட்டாள், "எஸ்டேட்ல யாரப் பாக்க?" கொழுந்து பறிக்கிறவர் மகள், ஹாக்கி டீச்சர் செல்வி என்றேன். "ஓ, நம்ம செல்வி மிஸ்ஸா? டிவியில வருதே அந்த வெளாட்டுக்கு அவதான் கோடு போட்டாளாமே. லயம் முழுக்க பேச்சு." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

லயத்தில், எஸ்டேட் குடியிருப்பு வரிசையில், ஐந்தாவது வீடு. செல்வி முன்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்தாள். வியப்பு, கோபம், ஒன்றும் முகத்தில் இல்லை. "வாங்க டீச்சரே. நனஞ்சிட்டீங்க." உள்ளே அவள் அம்மா. வேலைக்குப் போகவில்லை, மழை. என் கையைப் பிடித்து உட்கார வைத்து, பால் விடாத கட்டஞ்சாயாவுக்கு அடுப்பைப் பற்ற வைத்தார். "எம் புள்ள பள்ளிக்கூடம் போகலன்னு சொல்லிட்டு ரெண்டு நாளா இங்கயே கெடக்கு. என்னான்னு சொல்ல மாட்டேங்குது. நீங்களாச்சும் சொல்லுங்க டீச்சர்."

அம்மாவிடம் இவள் ஒன்றுமே சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கடிதத்தை நீட்டினேன். செல்வி நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை.

"ரீலைப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அந்தப் பையன் என் போனுக்கு அனுப்பினான் டீச்சரே."

"அப்ப சனிக்கிழம ஏன் நீ அதக் காட்டல? டெலிகேட் சார் கேட்டப்பவே?"

"நீங்க என்ன சொல்லுவீங்கன்னு பாத்திட்டு நின்னேன்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மன்னிச்சிரு செல்வி என்றேன்.

"அதொண்ணும் வேண்டா டீச்சரே. ஆனா இது செரியில்ல." கடிதத்தில் விரலை வைத்தாள். "கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. அது இல்லல்லோ? நான் ரெண்டு தடவ சொன்னேன்."

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். சனிக்கிழமை அவள் மேல் போட்ட அதே வார்த்தையைத்தான் இன்று என் மேல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், இரக்கத்தோடு, லேசாக. யாரும் கோபப்பட முடியாத வார்த்தை.

"பேனா இருக்கா?" என்றேன். கொண்டுவந்தாள். ஒரு வெள்ளைத் தாளும் கொண்டுவந்தாள். மண்ணெண்ணெய் டின் மேல் வைத்து எழுதினேன். முதலிலிருந்து, முழுக்க. கவனக்குறைவு வந்த இடத்தில்: முப்பது செ.மீ. கூட்ட வேண்டும் என்று செல்வி இரண்டு முறை சொன்னார். நான் அவரை வாயை மூடச் சொன்னேன். அவர் சொன்னதே சரி. பதினைந்தாம் தேதி அவர் மேல் நான் சொன்னது பொய்.

"பச்சை அணிக்கும் ஒரு நகல் போகணும்" என்றாள் செல்வி. "அந்தக் கோச்சோட மெயில் ஐடி என்கிட்ட உண்டு, இங்கிலீஷ்ல நானே மாத்தி எழுதுறேன். அவளுக்குத் தெரியணும், அவ செரியாத்தான் அடிச்சான்னு."

அதையும் நகல் வரிசையில் சேர்த்தேன். கோப்பை யாருக்கு என்று கேட்பார்கள், கேட்கட்டும். கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன்.

செல்வி அதை அம்மா பக்கம் திரும்பிப் படித்தாள், மலையாளத்தைத் தமிழாக்கிக்கொண்டே, சத்தமாக. ஒரு வரியையும் விடவில்லை. அம்மா டம்ளரில் சாயா ஊற்றிக்கொண்டே கேட்டார். வாயை மூடச் சொன்னேன் என்ற இடம் வந்ததும் ஊற்றுவதை நிறுத்தினார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எம் புள்ளையவா டீச்சர் அப்பிடிச் சொன்னீங்க?"

ஆமாம் என்றேன்.